ஆண்டறிக்கை 2025–26: தெருக் குடியிருப்போர் நலச்சங்கம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வராதவர்களுக்கும் வணக்கம்.

சுதந்திர தினத்தன்று கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்தோம். மழைக்கு முன் சாக்கடை தூர் வாரப்பட்டது. பொங்கலுக்குக் கோலப்போட்டி நடந்தது. செயற்குழு 6 முறை கூட்டப்பட்டு, அதில் 2 முறை ஆள் சேராமல் கலைந்தது.

இனி, சங்கக் கணினி விஷயம். “செயலாளர் முன்னறையில் உட்கார்ந்து என்னதான் நோண்டுகிறார்” என்று பேச்சு வந்ததால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

சங்கத்துக்கு அலுவலகம் கிடையாது, என் வீட்டு முன்னறைதான். பொருளாளரின் லேப்டாப்பில் இருப்பது விண்டோஸ் 11. தலைவர் கொடுத்த பழைய டெஸ்க்டாப்பில் அது ஏறாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. அதனால் அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டேன், செலவில்லை. ஆனால் சந்தாப் பட்டியல் பென் டிரைவில் இங்கும் அங்கும் போய்வந்து, ஜனவரிக்குள் ‘சந்தா புதுசு’, ‘சந்தா கடைசி’, ‘சந்தா கடைசி இதுதான்’ என்று மூன்றாகிவிட்டது. மூன்றிலும் மூன்று பாக்கித் தொகை. கட்டியவர் வீட்டுக்கே போய்ச் சந்தா கேட்டு நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தெருவுக்கே தெரியும்.

பட்டியலை டெஸ்க்டாப்பில் ஒரே ஃபோல்டரில் வைத்து, லேப்டாப்பிலிருந்தும் அதையே திறக்க வேண்டும். அதற்குத்தான் சாம்பா. விண்டோஸ் கோப்பு பகிரும் எஸ்எம்பி என்ற பாஷையை லினக்ஸும் பேச உதவும் இலவச மென்பொருள். ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1992-இல் வெளியிட்டது. எஸ், எம், பி வரிசையாக வரும் சொல்லை அகராதியில் தேடிப் பிடித்த பெயர். ரவைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

நிறுவ 10 நிமிடம், ஓடவைக்க 3 ஞாயிறு. பொருளாளர் லேப்டாப்பில் ‘நெட்வொர்க்’ பகுதியைத் திறந்தால் காலி. முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்வுக்கோடு போட்டு டெஸ்க்டாப்பின் ஐபி எண்ணை (நெட்வொர்க்கில் அதன் முகவரி) அடித்ததும் பாஸ்வர்டு கேட்டது. லினக்ஸில் நுழையும் பாஸ்வர்டை நான்கு முறை கொடுத்தேன், ஏற்கவில்லை. சாம்பா தனக்கென்று வேறு பாஸ்வர்டுப் பட்டியல் வைத்திருப்பது அப்புறம்தான் புரிந்தது. அதில் சேர்த்ததும் ஃபோல்டர் திறந்தது, ஆனால் சேமிக்க முடியவில்லை. சாம்பாவில் எழுத அனுமதி கொடுத்திருந்தேன், லினக்ஸில் அந்த ஃபோல்டருக்குக் கொடுக்கவில்லை. சரி, முடிந்தது என்று நிமிர்ந்தால், கரண்ட் போய் வந்ததில் ரவுட்டர் வேறு ஐபி எண் கொடுத்துவிட்டது. இப்போது ரவுட்டரிலேயே ஒரே எண்ணை ஒதுக்கிவைத்திருக்கிறேன்.

“பழைய எஸ்எம்பி 1-ஐ ஆன் பண்ணா போதும் சார்” என்ற தம்பிக்கு: கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வானாக்ரை என்ற நச்சு மென்பொருள் 2017 மே மாதம் அந்தப் பழைய பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான் பரவியது. சங்கக் கணக்கை வைத்து அந்தச் சோதனை வேண்டாம்.

செயல்விளக்கத்துக்கு 38 வீட்டுக்கும் சொன்னேன். வந்தவர்கள் 2 பேர். அதில் ஒருவர் வைஃபை பாஸ்வர்டு கேட்க வந்தவர். பொருளாளர் இன்னமும் பென் டிரைவோடுதான் வருகிறார், பழக்கமாம்.

வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி. சிறு பற்றாக்குறையை ஒருவர் கைப்பணத்தில் சமாளித்திருக்கிறார். அவரே இதைப் படிப்பதால் பெயர் வேண்டாம். தலைவருக்கும், செயற்குழுவுக்கும், முன்னறையை விட்டுக்கொடுத்த என் வீட்டாருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பை யார் ஏற்றாலும் சந்தோஷமாக ஒப்படைப்பேன். ஆனால் டெஸ்க்டாப்பின் ஹார்ட் டிஸ்க் இப்போதே கடகடவென்கிறது. கோப்புகளுக்கு வெளியே ஒரு நகல் வைக்க இன்னொரு டிஸ்க் வாங்கவேண்டும். 11 வீட்டுச் சந்தா வந்தால் வாங்கிவிடலாம். அந்த 11 வீடு எவை என்ற பட்டியல் பகிர்ந்த ஃபோல்டரில்தான் இருக்கிறது. உறுப்பினர்களுக்கு வாசிக்க மட்டும் அனுமதி. திருத்த வேண்டுமென்றால் முன்னறைக்கு நேரில் வரவேண்டும். மாலை 6 மணிக்கு மேல் இருப்பேன், ரசீதுப் புத்தகமும் இருக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்