செப்டம்பரில் கூகரைக் கூப்பிடாதீர்கள்

வாஷிங்டன் மாநிலத்தில் வேட்டைக்குப் போகும் தமிழ் நண்பர்களுக்கு,

வணக்கம். ரெட்மண்ட், பாத்தெல், சம்மாமிஷ் பக்கம் இருக்கும் நம்மவர்களில் சிலர் வேட்டைக் கல்வி வகுப்பு முடித்து உரிமம் எடுத்திருக்கிறீர்கள். முதலில் மான், அப்புறம் கரடி, இப்போது கூகர் (பூமா, மலைச்சிங்கம் என்றும் சொல்லும் பெரிய காட்டுப்பூனை) என்று பேச்சு வளர்ந்திருக்கிறது. போன மாதம் ஒரு வீட்டு விருந்தில் இரண்டு பேர் காஸ்கேடு மலையின் மேற்குச் சரிவில் உட்கார்ந்து கூகரைக் கூப்பிட, அதாவது இரை விலங்கு அலறுவதுபோல ஊதி அதை வரவழைத்துச் சுட, போவதாகச் சொன்னார்கள். "செப்டம்பர் ஒன்றாம் தேதி சீசன் திறக்குது, முதல் வாரமே போயிடலாம்" என்றார்கள். அத்தனை பேர் நடுவில் எனக்குப் பேச்சு வரவில்லை. அங்கே சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

நானும் கூப்பிட்டவன்தான். நான்கு வருடம் முன்பு, அக்டோபர் கடைசியில், பக்கத்து வீட்டுப் பெரியவரோடு ஒரு பழைய மரவெட்டுச் சாலையில் இருட்டோடு ஏறினோம். அவருக்கு அந்த மலை நாற்பது வருடப் பழக்கம். மேற்குச் சரிவுக் காடு எப்படி என்று உங்களுக்குத் தெரியும். மேலே டக்ளஸ் ஃபிர், ஹெம்லாக், சிடார் மரங்கள். கீழே இடுப்பளவு பெரணியும் சலால் புதரும். நடுவில் வைன் மேப்பிள் கொடிபோல் வளைந்து கிடக்கும். இருபது கஜத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. ஒரு பெரிய சிடாரின் இரண்டு பக்கமும் முதுகு கொடுத்து உட்கார்ந்தோம், ஆளுக்கொரு திசை பார்த்து. கூகர் பெரும்பாலும் நாம் பார்க்காத பக்கத்திலிருந்துதான் வரும் என்பதால் அப்படி.

அவர் மான்குட்டி அலறுவதுபோல ஊதினார். கொயோட்டி (சிறிய ஓநாய் மாதிரியான விலங்கு) என்றால் கால் மணி நேரத்தில் ஓடி வந்துவிடும். கூகர் அப்படி வராது. ஒரு மணி நேரம்கூட எடுத்துக்கொள்ளும். பத்தடி நடந்து நிற்கும், கேட்கும், மறுபடி நடக்கும். சத்தம் நின்றால் அதற்கு ஆர்வம் போய்விடும் என்பதால் ஊதுகிறவர் ஓயாமல் ஊத வேண்டும். கிட்டத்தட்ட ஐம்பது நிமிடம் ஆனபோது பெரணி நடுவில் ஒரு முகம் தெரிந்தது. இலைகூட அசையவில்லை. முகம், காது, தோளில் கொஞ்சம், அவ்வளவுதான். என் ஊகத்தில் இருபத்தைந்து கஜம். குட்டி ஏதும் கூட இல்லை. நான் சுட்டேன்.

பெண் கூகர். பெரியவர் மண்டியிட்டு அதன் வயிற்றைத் தடவிப் பார்த்தார். காம்பை அழுத்தினார், பால் வந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அன்று பகல் முழுக்க, அடுத்த நாள் முழுக்க, விழுந்த மரங்களின் அடியிலும் பாறை இடுக்குகளிலும் தேடினோம். விடாத மழை. தடம் என்று ஒன்றுகூட மண்ணில் நிற்கவில்லை. குட்டிகள் கிடைக்கவில்லை.

நான் சட்டத்தை மீறவில்லை. 72 மணி நேரத்துக்குள் மாநில வனவிலங்குத் துறைக்குத் தகவல் சொன்னேன். தோலையும் மண்டையோட்டையும் கொண்டுபோய் முத்திரை வாங்கினேன். வயது பார்க்க ஒரு பல்லை எடுத்துக்கொண்டார்கள். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. புள்ளி உள்ள குட்டியைச் சுடக்கூடாது, புள்ளிக்குட்டியோடு வரும் தாயைச் சுடக்கூடாது என்பதே விதி. என் முன்னால் வந்தது தனியாக வந்தது.

நண்பர்களே, நான் சொல்ல வந்தது இந்த "தனியாக" என்ற ஒரு சொல்லைப் பற்றித்தான். கூகர் வருடத்தில் எந்த மாதத்திலும் ஈனும். ஆனால் வடக்கே கூடுதலான குட்டிகள் கோடையில்தான் பிறக்கின்றன. பொதுவாக ஒரு ஈற்றுக்கு இரண்டு மூன்று. செப்டம்பரில் அவை சில வாரக் குட்டிகளாகவோ இரண்டு மூன்று மாதக் குட்டிகளாகவோ இருக்கும். தாய் அவற்றை ஒரு மறைவில் விட்டுவிட்டு மணிக்கணக்கில் வேட்டைக்குப் போகும். பால் கொடுக்கிற தாய்க்குப் பசி அதிகம். அந்த நேரத்தில் நாம் மான்குட்டிபோல் அலறினால் அது குட்டிகளைக் கூட்டிக்கொண்டா வரும்? தனியாகத்தான் வரும். விதியின்படி அது சுடத் தகுந்த விலங்கு. ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டி தாயில்லாமல் பிழைப்பது அரிது.

பெண் என்று பார்த்ததும் விட்டுவிடலாமே என்று கேட்பீர்கள். எப்படிப் பார்ப்பது? ஆண் கூகருக்கு ஆசனவாய்க்குக் கீழே நான்கைந்து அங்குலம் தள்ளி கறுப்பாக ஒரு புள்ளி இருக்கும். பெண்ணுக்கு இருக்காது. அதைப் பார்க்க விலங்கு பின்பக்கம் காட்ட வேண்டும், வாலும் விலக வேண்டும். கூப்பிட்டு வருகிற கூகரோ நம் முகத்தைப் பார்த்துக்கொண்டே வருகிறது. உருவத்தை வைத்து முடிவு செய்யலாம் என்றால், பெரணிக்குள் பாதி மறைந்த உடம்பில் இளம் ஆணும் வளர்ந்த பெண்ணும் ஒன்றுபோலத்தான் இருக்கும். நமக்குக் கிடைப்பது சில நொடி.

முன்பு இங்கே நாய்களை வைத்து வேட்டையாடினார்கள். நாய் துரத்தி மரமேற்றிய கூகரை அடியில் நின்று எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அண்ணாந்து பார்க்கலாம். ஆணா பெண்ணா, பால் கொடுக்கிறதா என்று பார்த்துவிட்டு நாய்களை இழுத்துக்கொண்டு திரும்பியவர்கள் உண்டு. 1996இல் மக்கள் வாக்கெடுப்பில் அந்த முறை தடை செய்யப்பட்டது. அதற்குப் பதிலாக உரிமச்சீட்டின் விலையைக் குறைத்தார்கள், சீசனை நீட்டினார்கள். அப்புறம் சுடப்பட்ட கூகர்களில் பெண்ணின் பங்கு கூடியது. நாய் வேட்டை திரும்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை, அதன் கொடுமை வேறு. ஆனால் அந்த முறையில் இருந்த "நின்று பார்க்கும் நேரம்" நம் முறையில் இல்லை. அதை நாமாகத்தான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

எப்படி என்றால், பனிக்குக் காத்திருங்கள். டிசம்பரில் உயரமான சாலைகளில் பனி விழுந்துவிடும். பனியில் காடு தானே பேசும். கூகர் தடத்தில் நகம் பதியாது, குதிகால் திண்டின் (பாதத்தின் அடியில் விரல்களுக்குப் பின்னால் உள்ள பெரிய மெத்தைப் பகுதி) பின்விளிம்பு மூன்று மடிப்பாகத் தெரியும். திண்டின் அகலம் இரண்டு அங்குலத்துக்கு நன்றாக மேலே இருந்தால் ஆணாக இருக்க வாய்ப்பு அதிகம். ஊசியிலையைப் பின்னங்காலால் கூட்டிக் குவித்த அடையாளம் வழியில் இருந்தால் ஆண் நடமாடும் இடம் என்று கொள்ளலாம். தடத்தைக் கண்டதும் ஊத உட்கார்ந்துவிடாதீர்கள். அதைப் பின்னோக்கிப் பிடித்து அரை மைலாவது நடந்து பாருங்கள். குட்டிகள் தாயின் தடத்திலேயே கால் வைத்து நடக்கும். ஒரு திருப்பத்தில், ஒரு மரத்தைத் தாண்டும் இடத்தில், சின்னத் தடம் பிரிந்து தெரியும். இலையும் மண்ணும் போட்டு மூடிய மான் கிடந்தால் அதைச் சுற்றிப் பார்த்தாலே எத்தனை வாய் தின்றது என்று தெரிந்துவிடும். சின்னத் தடம் ஒன்று கண்ணில் பட்டாலும் அந்தப் பள்ளத்தாக்கை விட்டு இறங்கிவிடுங்கள்.

யெல்லோஸ்டோனைச் சுற்றிய மலைகளில் கழுத்துப்பட்டை மாட்டிக் கண்காணித்த கூகர்களை வைத்து 2018இல் ஒரு ஆய்வு வெளிவந்தது. வேட்டையை டிசம்பர் 1க்குத் தள்ளினால் அநாதையாகும் குட்டிகள் பெரிய அளவில் குறையும் என்பது அதன் முடிவு. நம் மாநில விதி அப்படி மாறுமோ மாறாதோ, நாம் மாறுவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

விருந்தில் ஒருவர், "ஆபத்தான மிருகம்தானே, குறைஞ்சா நல்லதுதானே" என்றார். அவர் பயம் எனக்குப் புரிகிறது. 2018 மே மாதம் நார்த் பெண்ட் அருகே சைக்கிளில் போனவரை ஒரு கூகர் கொன்றது. இந்த மாநிலத்தில் 1924க்குப் பிறகு அதுதான் முதல் மரணம். நம் பிள்ளைகளும் அதே மலைப்பாதைகளில் நடக்கிறார்கள். ஆனால் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்டதையும் படியுங்கள். கூகர் வேட்டை கூடின இடங்களில் அடுத்த வருடம் புகார்களும் கால்நடை இழப்பும் கூடியிருந்தன. வளர்ந்த ஆண் போன இடத்துக்கு இளசுகள் வெளியிலிருந்து வந்து சேர்கின்றன, வீட்டுப் பக்கம் அலைவது பெரும்பாலும் அவைதான் என்பது அவர்கள் விளக்கம். எல்லாரும் ஒத்துக்கொண்ட முடிவு என்று சொல்லமாட்டேன். ஆனால் பயத்துக்காகச் சுடுகிறவர் யோசிக்க இது போதும்.

போன டிசம்பரில் அதே சாலைக்குப் போனேன். பனி கணுக்கால் அளவு. ஒரு தடம் கிடைத்தது. பின்னோக்கி நடந்தேன். விழுந்த ஹெம்லாக் ஒன்றைத் தாய் ஒரே தாவலில் தாண்டியிருந்தது. அதன் கீழே புகுந்துபோன தடங்கள் இரண்டு, என் உள்ளங்கையில் பாதி. ரைஃபிளில் இருந்த தோட்டாக்களை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, வந்த வழியே இறங்கினேன்.

இந்த வருடமும் முதல் பனி விழுந்ததும் போகிறேன். தடம் படிக்கக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் சொல்லுங்கள். வண்டியில் மூன்று பேருக்கு இடம் இருக்கிறது. பனிக்காலணியும் தலைவிளக்கும் கொண்டுவாருங்கள், காலை நான்கு மணிக்குக் கிளம்பவேண்டும்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்