பானை ஓட்டைச் சுரண்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு மாவட்டக் கதிரவெளியில் எங்கள் வளவில் கிணறு வெட்டியபோது உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமாக ஒரு பானை ஓடு வந்தது. விளிம்பில் நகமளவு சிவப்புப் பூச்சு. "என்ன சாயமெண்டு பாப்பம்" என்று மச்சான் கத்தியால் சுரண்டிவிட்டார். பாதி போய்விட்டது. இன்னும் மனம் ஆறவில்லை.

சுரண்டாமலே கண்டுபிடிக்கலாம். எக்ஸ் கதிரைப் பாய்ச்சினால் இரும்பா, மாங்கனீசா என்று மூலகம் தெரியும். ஆனால் சிவப்பு ஹேமடைட், கறுப்பு மேக்னடைட் என்ற இரண்டு கனியங்களிலும் இருப்பது ஒரே இரும்புதான். அங்கேதான் 1928இல் சி.வி. ராமன் கண்டறிந்த ஒளிச்சிதறல் கைகொடுக்கிறது. லேசர் பட்டுச் சிதறும் ஒளியில் ஏற்படும் மாற்றம் எந்தக் கனியம் என்றே காட்டிவிடும். லேசரின் வலுவை மட்டும் குறைத்து வைக்க வேண்டும். சூடேறினால் மேக்னடைட்டே ஹேமடைட்டாக மாறிவிடும். அப்புறம், இந்த வகை ஓடுகளின் உட்புறக் கறுப்பு பொதுவாகச் சாயமே அல்ல, கவிழ்த்து வைத்துச் சுட்டதால் வந்த நிறம்.

கையில் தூக்கிச் செல்லும் அளவிலேயே இக்கருவிகள் இப்போது கிடைக்கின்றன. கிழக்குப் பல்கலைக்கழகமும் தொல்பொருள் திணைக்களமும் சேர்ந்து மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட ஓடுகளை இப்படிச் சோதிக்க முன்வர வேண்டும். சரி, அதுவரை நாம் செய்யக்கூடியது: ஓடு கிடைத்தால் கழுவாமல், தேய்க்காமல், கிடந்த இடத்தைக் குறித்துக்கொண்டு அறிவியுங்கள்.

வாசகர் ஒருவர்,
கதிரவெளி