கொழுந்தை எடைபோடும் நாளிலேயே விலையைச் சொல்லுங்கள்

ஒன்றிய வணிகம் மற்றும் தொழில் அமைச்சகத்தில் தேயிலைக் கொள்கையை வகுக்கும் பொறுப்பிலுள்ள அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

அண்மையில் எங்கள் வட்டாரத்தில் நடந்த பயிற்சி முகாமொன்றில், பச்சைத் தேயிலைக்கு ஏன் கட்டுப்படியான விலை கிடைப்பதில்லை என்று கேட்ட விவசாயிகளுக்கு, "உலகச் சந்தையில் போட்டி கூடிவிட்டது, நீங்கள்தான் தரத்தை உயர்த்த வேண்டும்" என்று மேடையிலிருந்து பதில் வந்தது. அந்தப் பதிலைக் கேட்டுவிட்டு எழுந்து வந்தவர்களில் ஒருவனாக இதை எழுதுகிறேன். நீலகிரியின் சிறு தேயிலை விவசாயிகள் படும் பாடு தங்களுக்குத் தெரியாததல்ல. எங்கள் மனுக்கள் பல ஆண்டுகளாகத் தங்கள் கோப்புகளில் இருக்கின்றன. ஆகவே முன்கதையைச் சொல்லித் தங்கள் நேரத்தைக் கரைக்க விரும்பவில்லை. கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். 1953-ஆம் ஆண்டின் தேயிலைச் சட்டம் 30-ஆவது பிரிவில் விலையைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தைத் தங்கள் அரசுக்குக் கொடுத்திருக்கிறது. அதைப் பயன்படுத்திப் பச்சைத் தேயிலைக்குச் சாகுபடிச் செலவுக்குக் குறையாத ஒரு குறைந்தபட்ச விலையை நிர்ணயியுங்கள். கொழுந்து தராசில் ஏறும் நாளிலேயே அந்த விலை எங்களுக்குத் தெரியட்டும்.

இந்த இரண்டாவது பகுதியை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். பறித்த கொழுந்தை வீட்டில் வைத்திருக்க முடியாது. சாக்கில் அடைத்த சில மணி நேரத்தில் சூடேறத் தொடங்கிவிடும். அன்று மாலைக்குள் அது ஆலையில் இலையை வாட்டும் தொட்டிக்குப் போயாக வேண்டும். எனவே விலை பிடிக்கவில்லை என்று திருப்பி எடுத்து வருவதோ, நாளை பார்க்கலாம் என்று காத்திருப்பதோ எங்களால் ஆகாத காரியம். கொழுந்தைக் கொடுத்துவிட்டு நாங்கள் வாங்கி வரும் சீட்டில் எடை இருக்கும். மழைக்காலமானால் ஈரத்துக்காகக் கழித்த எடையும் இருக்கும். விலை மட்டும் இருக்காது. ஒரு கிலோ தேயிலைத்தூள் ஆவதற்கு நான்கு முதல் நாலரை கிலோ பச்சைத் தேயிலை தேவைப்படுகிறது. அந்தத் தூள் குன்னூர் தேயிலை ஏலத்தில் என்ன விலைக்குப் போனது என்ற சராசரியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுத்தான், நாங்கள் எப்போதோ கொடுத்து முடித்த கொழுந்துக்கு விலை பிறக்கிறது. ஆனால் தோட்டத்தில் கொழுந்து பறித்த பெண்ணுக்கு அன்றைய கூலியை அன்றைக்கே கொடுக்க வேண்டும். "உங்கள் கூலி எவ்வளவு என்பதைக் குன்னூர் ஏலம் முடிந்த பிறகு அடுத்த மாதம் சொல்கிறேன்" என்று அவரிடம் சொல்ல எங்களுக்கு நாக்கு எழாது. எங்களிடம் அதைச் சொல்ல மட்டும் யாருக்கும் தயக்கம் இருப்பதாகத் தெரியவில்லை.

உலகச் சந்தையைப் பற்றி மேடையில் பேசியவருக்காகச் சிலவற்றை நினைவூட்டுகிறேன். அந்தச் சந்தையை நாங்கள் தேடிப் போகவில்லை. சோவியத் ஒன்றியம் எங்கள் தூளை வாங்கிக்கொண்டிருந்த காலத்தில் அரசின் ஊக்கத்தோடுதான் மலைக் கிராமங்கள் உருளைக்கிழங்கையும் சாமையையும் விட்டுத் தேயிலைக்கு மாறின. 1991-இல் அந்த நாடு இல்லாமற்போயிற்று. தொண்ணூறுகளின் இறுதியில் கொழுந்து விலை சரிந்தபோது இங்கே வீடுகள் பட்ட கடன் இன்றும் சில குடும்பங்களில் தீரவில்லை. இலங்கையுடனான தடையற்ற வணிக ஒப்பந்தம் 2000-இல் நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி கிலோ வரை அங்கிருந்து வரும் தேயிலைக்கு வரி 7.5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. 2001-இல் இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகள் நீங்கின. 2010-இல் தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானுடன் வணிக ஒப்பந்தம் வந்தது. கருந்தேயிலைக்கான வரியைப் படிப்படியாக 45 விழுக்காட்டுக்கு இறக்க அதில் ஒப்புக்கொள்ளப்பட்டது. அனுமதித்த அளவு முழுவதும் துறைமுகத்தில் வந்து இறங்கியதா என்று நான் வாதிட வரவில்லை. கதவு திறந்திருக்கிறது என்பதே ஏலத்தில் வாங்குபவரின் பேரத்துக்கு வலுச் சேர்க்கிறது என்பது தங்களுக்குத் தெரியாததா? இலங்கைத் தோட்டத் தொழிலாளர் மீது எங்களுக்கு மனக்குறை எதுவும் இல்லை. இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர் குறித்து இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின் அங்கிருந்து வந்தவர்கள் இந்த மலையிலேயே எங்களோடு வாழ்கிறார்கள். அங்குள்ள அவர்களது உறவினரின் கூலியும் இந்த ஒப்பந்தங்களால் உயர்ந்துவிடவில்லை என்பதை அவர்கள் வாயாலேயே கேட்டிருக்கிறோம்.

நாங்கள் வாங்கும் பொருளுக்கு உலக விலை உடனே வந்துவிடுகிறது. பொட்டாஷ் உரம் ஏறக்குறைய முழுவதும் வெளிநாட்டிலிருந்து வருவதால், உலக விலை ஏறிய 2022-இல் 50 கிலோ மூட்டை 1,700 ரூபாய்க்குப் போயிற்று. அடுத்த மாதச் சராசரியைப் பார்த்துவிட்டு விலை சொல்கிறேன் என்று உரக்கடைக்காரர் காத்திருக்கவில்லை. கொழுந்து விலை விழுந்த மாதங்களில் கடையில் விற்கும் தேயிலைத்தூள் பொட்டலத்தின் விலை விழுந்ததாகவும் எங்களுக்கு நினைவில்லை. உலகமயமாக்கல் சரிவை எங்கள் பக்கமும் ஏற்றத்தை வேறு எங்கோ ஒரு பக்கமும் இவ்வளவு துல்லியமாகப் பிரித்துக் கொடுப்பதை வியக்காமல் இருக்க முடியவில்லை. ஆண்டுதோறும் மே 21-ஆம் நாள் சர்வதேசத் தேயிலை தினத்தில் சிறு விவசாயிகளைப் புகழ்ந்து வரும் வாழ்த்துகளுக்கும் நன்றியுடையவர்களாக இருக்கிறோம். அவற்றைக் கூட்டுறவு வங்கி வரவு வைத்துக்கொள்ளுமா என்று விசாரிக்க வேண்டும்.

தரத்தைப் பற்றியும் நேர்மையாகவே பேசுவோம். கத்தரியால் வெட்டிய முற்றல் இலை ஆலைகளுக்குப் போகிறது என்பது உண்மை. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கையால் பறிக்க ஆளும் கூலியும் வேண்டும். அப்படிப் பறித்துக் கொடுத்தாலும், அது எல்லாருடைய கொழுந்தோடும் ஒரே வண்டியில் ஏறி, பெரும்பாலும் ஒரே சராசரி விலையைத்தான் பெறுகிறது. நல்ல கொழுந்துக்கு என்ன கிடைக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லாத ஒரு முறை, நல்ல கொழுந்து வரவில்லை என்று எங்களைக் கடிந்துகொள்வது எந்த வகையில் நியாயம்? இதனால்தான் மீண்டும் கேட்கிறேன்: குறைந்தபட்ச விலையை நிர்ணயியுங்கள், தரமான கொழுந்துக்கு அதற்கு மேல் எவ்வளவு என்பதையும் முன்னதாகவே அறிவியுங்கள்.

குறைந்தபட்ச ஆதரவு விலை பெறும் 22 பயிர்களின் பட்டியலில் தேயிலை இல்லை. நாங்கள் வேளாண் துறையின் கீழும் இல்லை. நிலத்தை உழுது பயிர் செய்தாலும் அரசின் பார்வையில் வணிகம் செய்கிறோம். விலையைத் தானே சொல்ல முடியாத வணிகரை வேறெங்கும் தாங்கள் கண்டிருக்க மாட்டீர்கள். இதற்கிடையில் எங்கள் பிள்ளைகள் கோவைக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் இங்கே கொழுந்து பறிக்கிறார்கள். சாலையோரத் தோட்டங்கள் விடுதிகளாகிக்கொண்டிருக்கின்றன. 2023 செப்டம்பரில் கோத்தகிரி அருகே நட்டக்கல்லில், இந்த மலையில் தேயிலை பயிரிடும் படுக சமூக மக்கள் தொடர் உண்ணாவிரதம் இருந்ததும் இந்த ஒரே கோரிக்கைக்காகத்தான்.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். 1953-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம் கொண்டுவரும் நோக்கில் 2022-இல் தாங்கள் ஒரு வரைவு மசோதாவை வெளியிட்டீர்கள். பழைய சட்டம் தொடர்ந்தாலும் புதியது வந்தாலும், விலையை நிர்ணயிக்கும் அதிகாரம் அதில் இருக்க வேண்டும்; அது ஏட்டில் உறங்காமல் எங்கள் எடைச்சீட்டு வரை வந்து சேர வேண்டும். இயலாது என்றால் அதற்கான காரணத்தையாவது, மேடைப் பதிலாக அல்லாமல், கையொப்பமிட்ட கடிதமாக, எங்கள் ஊர்ப் பெரியவர்களும் படிக்கக்கூடிய தமிழில் அனுப்பி வைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கோத்தகிரி வட்டாரச் சிறு தேயிலை விவசாயி ஒருவர்