நிலாவெளி நேர்முகத்துக்குப் போகும் தம்பிக்கு

ஸ்காபரோ, ஒன்ராறியோ
மாசி மாதம்

அன்பின் தம்பிக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா என்று அடுத்த முறை எழுது.

திருகோணமலைக்குப் பக்கத்து நிலாவெளி ஹோட்டலில் ரிசெப்ஷன் வேலைக்கு உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று அம்மா போனில் சொன்னா. முதலில் கொழும்பிலிருந்து சூமில் கதைப்பார்கள், பிறகு நேரில் வரச் சொல்வார்கள் என்றும் சொன்னா. கடல் அடங்கி மே மாதத்தில் ஆட்கள் வரத் தொடங்குவதற்கு முன்னர் புது ஆட்களை எடுத்துப் பழக்கவேண்டும், அதனால் எல்லாம் கெதியாகத்தான் நடக்கும். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும். ஆறுதலாக இருந்து இதை இரண்டு தரம் வாசி.

நான் இங்கே ஆள் எடுக்கிற மேசையின் அந்தப் பக்கத்தில் இருக்கிறபடியால், அங்கே என்ன நடக்கிறது என்பதை முதலில் சொல்கிறேன். இரண்டு அல்லது மூன்று பேர் இருப்பார்கள். ஆளுக்கொரு தாள் கையில் இருக்கும். தாளில் ஏழெட்டுக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 1 முதல் 5 வரை புள்ளி. வருகிற எல்லோரிடமும் அதே கேள்விகளை அதே வரிசையில் கேட்பார்கள். சும்மா கதைத்துப் பார்த்து ஆளைப் பிடித்துக்கொள்வதைவிட இப்படி ஒழுங்காகக் கேட்பது நல்ல வேலையாளைக் கண்டுபிடிக்கக் கூடுதலாக உதவுகிறது என்று 1998இல் ஷ்மிட், ஹண்டர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 85 வருட ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள். பெரிய ஹோட்டல் நிறுவனங்கள் எந்த ஊரில் என்றாலும் இந்த மாதிரியான தாளோடு வரக்கூடும்.

இதில் உனக்கு வேண்டியது ஒன்றுதான். நீ வாயால் சொன்னதற்குத்தான் புள்ளி. உன் முகத்தைப் பார்த்து "நல்ல பிள்ளை, கெட்டிக்காரன்" என்று அவர்கள் நினைத்தாலும் அந்தத் தாளில் அதை எழுத இடம் இல்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இங்கே வந்து புள்ளி இழக்கிற இடமும் இதுதான். அடக்கமாக வளர்ந்தவர்கள், "நாங்கள் செய்தோம்", "எல்லாரும் சேர்ந்து சமாளித்தோம்" என்றுதான் வாயில் வரும். கேட்கிறவருக்கு அதில் நீ செய்தது எது என்று தெரியாது. குழுவுக்குரியதைக் குழுவுக்குக் கொடு, ஆனால் உன் கையால் செய்ததை "நான்" என்று சொல். அது பெருமையடிப்பது இல்லை, நடந்ததைச் சொல்வது.

"கோபமான விருந்தினர் ஒருவரைக் கையாண்ட சந்தர்ப்பம் ஒன்று சொல்லுங்கள்" என்பது உனக்குக் கட்டாயம் வரும். இப்படிக் கேட்டால் நாலு துண்டாகப் பதில் சொல்லவேண்டும்: நிலைமை என்ன, உன் பொறுப்பு என்ன, நீ என்ன செய்தாய், முடிவு என்ன. முதல் இரண்டுக்கும் சேர்த்து மூன்று வசனம் போதும். பாதிக்கு மேல் நீ செய்ததற்குப் போகவேண்டும். முழுப் பதிலும் இரண்டு நிமிடத்தைத் தாண்டக்கூடாது.

உப்புவெளி விருந்தினர் விடுதியில் நீ பயிற்சிக்கு நின்றாயே, அங்கே காற்று எழும்பித் திமிங்கிலம் பார்க்கிற படகு போகாத நாட்கள் இருந்திருக்கும். "ஆட்கள் கோபப்பட்டார்கள், நாங்கள் சமாதானப்படுத்தினோம்" என்றால் அது 2 புள்ளி. இப்படிச் சொல்லிப் பார்: "விடிய ஐந்தரைக்குப் படகுக்குப் புறப்பட ஒரு குடும்பம் தயாராக நின்றது, காற்றால் படகு போகவில்லை. காலை வேளையில் ரிசெப்ஷனில் நான் மட்டும்தான். முதலில் அவர்களை இருத்திச் சொல்வதை முழுதாகக் கேட்டேன், இடையில் காரணம் சொல்லவில்லை. படகுக்காரருக்கு அழைத்துப் பணம் திரும்பக் கிடைக்குமா, அடுத்த நாள் இடம் இருக்கிறதா என்று கேட்டு, இரண்டையும் அவர்களுக்கு முன்னால் வைத்தேன். வானை ஒழுங்கு செய்து கோணேசர் கோயிலுக்கும் கன்னியா வெந்நீர் ஊற்றுக்கும் அனுப்பினேன். அவர்கள் அடுத்த நாள் படகைத் தெரிவு செய்தார்கள், அறையையும் ஒரு நாள் நீட்டினார்கள்." இது மாதிரி மட்டும்தான். உனக்கு நடந்ததையே வைத்துச் செய். நடக்காததைச் சொன்னால் அடுத்த கேள்வியிலேயே அகப்படுவாய், ஏனென்றால் "படகுக்காரர் என்ன சொன்னார்?" என்று உள்ளே தோண்டுவதற்குத்தான் அவர்கள் பழகியிருக்கிறார்கள்.

இப்படி ஆறு சம்பவம் போதும். கோபமான ஆள், பிழையாகிப்போன ஒன்றைத் திருத்தியது, கூட வேலை செய்தவரோடு முரண்பாடு, நேரம் போதாமல் நெருக்கடி, புதிதாக ஒன்றைப் பழகியது, யாரும் சொல்லாமலே செய்தது. கேள்வி எந்தப் பக்கத்தால் வந்தாலும் இந்த ஆறில் ஒன்று பொருந்தும். ஒவ்வொன்றையும் சின்ன அட்டையில் ஐந்தாறு சொல்லாக மட்டும் எழுது. முழு வசனமாக எழுதிப் பாடமாக்காதே. பாடமாக்கியவன் கேள்வி கொஞ்சம் திரும்பினாலும் நடுவில் நின்றுவிடுவான், திரும்ப முதலில் இருந்து தொடங்குவான்.

இன்னொன்று. நீ பதில் சொல்லி முடித்ததும் அவர்கள் குனிந்து எழுதுவார்கள். பத்துப் பதினைந்து வினாடி ஒரு சத்தமும் இராது. பிழையாகச் சொல்லிவிட்டேனோ என்று பயந்து மேலும் கதைத்து, நல்ல பதிலைக் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். வாயை மூடிக்கொண்டு இரு. அவர்கள் நிமிர்வார்கள்.

முதல் கேள்வி "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பதாகத்தான் இருக்கும். அப்பாவின் தொழில், எத்தனை சகோதரம், எந்தப் பள்ளிக்கூடம் என்று தொடங்காதே. ஒன்றரை நிமிடம்: இப்போது என்ன செய்கிறாய், இந்த வேலைக்குப் பொருந்துகிற மாதிரி முன்னர் என்ன செய்தாய், ஏன் இந்த ஹோட்டல். என்.வி.கியூ. 4 (தேசிய தொழில் தகைமை, நாலாம் மட்டம்) முடித்ததை முதல் நிமிடத்திலேயே சொல். "ஏன் இந்த ஹோட்டல்" என்பதற்கு அவர்களுடைய இணையத்தளத்தையும் விருந்தினர் எழுதிய விமர்சனங்களையும் ஒரு மணித்தியாலம் வாசித்தால் போதும். ஆட்கள் எதைப் புகழ்கிறார்கள், செக்-இன்னில் எதைக் குறை சொல்கிறார்கள் என்று பார்த்து வை. இந்த ஒரு மணித்தியாலத்தைச் செலவழிக்காமல் வருகிறவர்களே அதிகம்.

குறை என்ன என்று கேட்டால் "நான் கூடுதலாக உழைப்பேன்" என்று சொல்லாதே, அதை எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையான ஒன்றைச் சொல், ஆனால் ரிசெப்ஷனுக்கு உயிரான விஷயமாக இருக்கக்கூடாது. அதோடு அதைத் திருத்த என்ன செய்கிறாய் என்பதையும் சொல். உனக்குச் சிங்களம் வாசிக்க வரும், கதைப்பது மெதுவு. அதைச் சொல்லலாமா என்றால், ரிசெப்ஷனுக்கு மொழி முக்கியம், அதனால் குறையாகச் சொல்லாமல் நேரடியாக அளவு சொல்: செக்-இன் உரையாடல் முழுதாகச் செய்வேன், முறைப்பாடு வந்தால் மெதுவாகச் செய்வேன் என்று. திருகோணமலையில் கேட்கிறவர் நடுவில் மொழியை மாற்றிப் பார்ப்பார். அந்த ஒன்றரை நிமிடத்தை ஆங்கிலம், சிங்களம், தமிழ் மூன்றிலும் வாய்விட்டுச் சொல்லிப் பழகு.

சூமுக்கு: போனைக் கையில் பிடிக்காதே, புத்தகங்களை அடுக்கிக் கமரா உன் கண் உயரத்துக்கு வரும்படி வை. யன்னல் உனக்கு முன்னால் இருக்கவேண்டும், முதுகுக்குப் பின்னால் என்றால் முகம் கறுப்பாகத்தான் தெரியும். கரண்ட் போனால் வைஃபையும் போய்விடும், அதனால் வேறொரு போனில் டேட்டா போட்டுப் பக்கத்தில் வை. அவர்களுடைய தொலைபேசி இலக்கத்தைத் தாளில் எழுதி வை. தொடர்பு அறுந்தால் இரண்டு நிமிடத்துக்குள் அழைத்துச் சொன்னால் ஒருவரும் குறை நினைக்கமாட்டார்கள். கேட்கிறவரின் படத்தை அல்ல, கமராவைப் பார்த்துக் கதை.

நேரில் போகிற நாளைக்கு, திருகோணமலை பஸ் ஸ்ராண்டிலிருந்து நிலாவெளிக்கு 15 கிலோமீற்றர் அளவு. பஸ் நின்று நின்றுதான் போகும், வெயிலில் சேர்ட் நனைந்துவிடும். ஒரு மணித்தியாலம் முந்தியே அந்தப் பக்கம் போய்ச் சேர், ஆனால் ஹோட்டல் வாசலுக்குப் போவது நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னர் மட்டும். மிச்ச நேரம் நிழலில் இருந்து இளைப்பாறு. வெள்ளை நீளக்கைச் சேர்ட், கறுப்புக் காற்சட்டை, மூடின சப்பாத்து. ஃபைலில் அடையாள அட்டை, சாதாரண தரம், உயர்தரம், என்.வி.கியூ., பயிற்சிக் கடிதம், நற்சான்றிதழ் என்ற வரிசையில் மூலமும் போட்டோக் கொப்பியும். உன்னைப் பற்றி விசாரிக்க உறவினர் அல்லாத இருவரின் பெயர் சிவியில் போட்டிருப்பாய், அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வை.

இங்கே சிவி வேறு மாதிரி. படம், வயது, மதம், கலியாணம் ஆனதா என்று ஒன்றும் போடுவதில்லை. ஒன்ராறியோவின் மனித உரிமைச் சட்டப்படி வேலைக்கு எடுக்கிறவர் அவற்றைக் கேட்கக்கூடாது. 25 பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற நிறுவனங்கள் கனடா அனுபவம் வேண்டும் என்று விளம்பரத்தில் போடுவதையும் 2026 ஜனவரி 1 முதல் தடை செய்துவிட்டார்கள், சம்பளம் எவ்வளவு முதல் எவ்வளவு வரை என்பதையும் அவர்கள் போடவேண்டும். வந்து இறங்கிய எங்கள் ஆட்களுக்கு இது பெரிய உதவி. இங்கே மேலாளரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், நிலத்தைப் பார்த்துக் கதைத்தால் எதையோ மறைக்கிறான் என்று எடுத்துக்கொள்வார்கள். பனிக்காலத்தில் நேர்முகத்துக்கு வருகிறவர்கள் பூட்ஸோடு வந்து, வாசலில் அதைக் கழற்றிப் பையில் இருக்கும் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு உள்ளே வருவார்கள். நீ "சேர்", "மேடம்" என்றே சொல், அங்கே அதுதான் முறை. ஆனால் கண்ணைப் பார்த்துச் சொல்.

சம்பளக் கதை வந்தால் அவசரப்படாதே. ஹோட்டலில் அடிப்படைச் சம்பளமும், விருந்தினரின் பில்லில் சேர்க்கிற சேவைக் கட்டணத்தில் ஊழியருக்கு வரும் பங்கும் வேறு வேறு. மே முதல் புரட்டாதி வரை பங்கு நன்றாக வரும், கார்த்திகை மழைக்கு அறைகள் காலியாகும்போது அது விழுந்துவிடும். ஆகவே அடிப்படை எவ்வளவு, சீசன் இல்லாத மாதத்தில் பங்கு எவ்வளவு, சாப்பாடும் தங்குமிடமும் உண்டா என்று தனித்தனியாகக் கேள். ஓய்வுக்காலத்துக்குச் சேரும் ஊழியர் சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் உன் பக்கம் 8 வீதம், அவர்கள் பக்கம் 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு அவர்கள் 3 வீதம். இது முதல் மாதத்திலிருந்தே கட்டப்படுமா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் இதையெல்லாம் வேலை தருகிறோம் என்று அவர்கள் சொன்ன பிறகு கேள். முதல் சந்திப்பில் நீ கேட்கவேண்டியது வேலையைப் பற்றி: முதல் மூன்று மாதத்தில் என்ன பழகி முடித்திருக்கவேண்டும், இரவு முறை எத்தனை நாள், முன்பதிவுக்கு எந்த மென்பொருள். "ஒன்றும் கேட்க இல்லை" என்று மட்டும் எழும்பாதே.

வெளியே வந்ததும் பஸ் ஏற முன்னர் அவர்கள் கேட்ட கேள்விகளை எழுதிவிடு. அன்று பின்னேரமே மூன்று வரியில் நன்றி மின்னஞ்சல் அனுப்பு.

சனிக்கிழமை உனக்கு இரவு 7.30, எனக்குக் காலை 9 மணி. அன்றைக்கு நான் சூமில் வருகிறேன், அதே தாளை வைத்துக் கேட்டு உனக்குப் புள்ளி போடுகிறேன். மார்ச் இரண்டாம் ஞாயிறு இங்கே மணிக்கூட்டை மாற்றுவார்கள், அதற்குப் பிறகு என்றால் உனக்கு 6.30. வெள்ளைச் சேர்ட்டோடு இரு, அட்டைகளையும் எடுத்து வை.

அம்மாவுக்கும் பெரியம்மா வீட்டாருக்கும் என் அன்பைச் சொல்.

அன்புடன்,
அக்கா