மருமகனின் தேரும் மேப்பிள் இலையும்

ஸ்காபரோ,
ஒக்டோபர் 27

அன்பின் ராசன்,

கடிதம் கிடைத்தது. முழங்கால் சத்திரசிகிச்சை முடிந்து நீ படியேறத் தொடங்கிவிட்டாய் என்று அறிந்து இங்கே எல்லோருக்கும் மகிழ்ச்சி. மருமகன் இங்கே ரொறன்ரோவுக்கு வடக்கே பாரி என்ற நகரில் வேலை கிடைத்த கையோடு, பின்னால் திறந்த பெட்டி வைத்த பிக்கப் வண்டி ஒன்றும் வாங்கிவிட்டானாமே! அந்தப் பாரி முல்லைக்குத் தேரைக் கொடுத்தான். உன் மகன் இந்தப் பாரிக்குப் போய்த் தேர் வாங்கியிருக்கிறான்.

பனிக்காலத்துக்கு முன் அவனுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவை என்று கேட்டிருந்தாய். பனியைப் பற்றிச் சொல்ல அவனுக்கு ஆயிரம் பேர் இருப்பார்கள். நான் இலையைப் பற்றிச் சொல்கிறேன்.

சிரிக்காதே. தண்டவாளத்தில் இலை விழுந்து ரயில் தாமதம் என்று லண்டனில் அறிவிக்கிறார்கள் என நீ முன்பு எழுதியபோது நான்தான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அந்தச் சிரிப்பைப் போன வாரம் வட்டியோடு திருப்பிக் கட்டினேன்.

ரொறன்ரோவுக்கு வடமேற்கே பெல்ஃபவுண்டன் என்றொரு சிற்றூர். அங்கே ஒரு வீட்டில் சுவர்ப்பலகைகளை இறக்கிவிட்டு என் பிக்கப்பை வெறுமையாக ஓட்டித் திரும்பினேன். ஃபோர்க்ஸ் ஒஃப் த கிரெடிட் வீதியில் ஓர் இறக்கம், அதில் கொண்டையூசி வளைவு. இலையின் நிறம் பார்க்க நகரமே கிளம்பிப் போகும் வழி அது. இரவு மழை பெய்து ஓய்ந்திருந்தது. வேகம் மணிக்கு 30 கிலோமீற்றர்கூட இல்லை. வளைவுக்குள் பிரேக்கைத் தொட்டேன். வண்டியின் பின்பாதி என்னைக் கேளாமல் தன் பாட்டில் வெளியே போகத் தொடங்கியது.

கால் பிரேக்கை இன்னும் அழுத்தவே துடித்தது. எப்படியோ எடுத்துவிட்டேன். பின்பக்கம் எந்தப் பக்கம் இழுபடுகிறதோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்கை மெல்லத் திருப்ப வேண்டும். கண் பள்ளத்தைப் பார்க்கக் கூடாது, போகவேண்டிய வழியைப் பார்க்க வேண்டும். கண் போகும் பக்கம் கை போகும். வண்டி ஓரச் சரளையில் போய் நின்றது. கோப்பி முழுவதும் என் மடியில்.

இறங்கிச் சப்பாத்தால் வீதியைச் சுரண்டிப் பார்த்தேன். மேலே சிவப்பும் மஞ்சளுமாகப் புது இலை. அடியில் சில்லுகள் நசுக்கி நசுக்கிக் கறுப்புக் கூழாகிவிட்ட பழைய இலை. உங்கள் வீட்டுக் கிணற்றடிப் பாசி நினைவிருக்கிறதா? அதே வழுவழுப்பு.

பிக்கப்பில் எஞ்சினின் பாரம் முழுவதும் முன்னால். பெட்டி வெறுமையாக இருந்தால் பின்சில்லுகளை வீதியோடு அழுத்திப் பிடிக்க எதுவும் இல்லை. என் வண்டியை முன்னே தள்ளுவதும் அந்தப் பின்சில்லுகள்தான். கொழும்புக்கு வெங்காயம் ஏற்றிப் போகையில் வராத பயம், வெறும் லொறியோடு திரும்பும்போது வரும் என்பார் உன் ஐயா. நாம் அதைக் கேலி செய்தோம்.

மறுநாளே 30 கிலோ மணல் மூட்டைகள் நான்கு வாங்கினேன். சோம்பலில் முதலில் பின்கதவோரமாகவே போட்டுவிட்டேன். அது பிள்ளைகள் ஏறி இறங்கி விளையாடும் சீசோப் பலகை போல முன்பக்கத்தைத் தூக்கி, ஸ்டியரிங்கில் பிடிமானம் குறைந்துவிட்டது. பின் அச்சுக்கு நேர் மேலே, அசையாதபடி மரச்சட்டம் அடித்து வைத்த பிறகுதான் சரியாயிற்று. கட்டாமல் வைத்தால், ஓர் அவசரப் பிரேக்கில் மூட்டை முன்னால் பறந்து வரும்.

நாலு சில்லும் இழுக்கும் வண்டி என்று மருமகன் பெருமைப்படுவான். அது புறப்படத்தான் உதவும். நிற்கும்போது அவனும் மற்றவர்களும் ஒன்றுதான். புது வண்டியென்றால் சறுக்கும்போது தானே பிரேக் பிடித்து நேராக்கும் கருவி இருக்கும். 2011 செப்டெம்பரிலிருந்து கனடாவில் அது கட்டாயம். என்னுடையது 2008 வண்டி, அதில் மணல்தான் கருவி. ஆனால் எந்தக் கருவியானாலும் ரயர் வீதியைப் பிடித்தால்தானே!

ஆகவே ரயரில் கஞ்சத்தனம் வேண்டாம். வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே போனால் கோடை ரயரின் றப்பர் விறைக்கத் தொடங்கிவிடும். பக்கத்து மாகாணமான கியூபெக்கில் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 1 முதல் குளிர்கால ரயர் போடவேண்டும் என்று சட்டம். எங்கள் ஒன்ராறியோவில் அப்படி இல்லை. அதனால் முதல் பனி விழுந்த அன்று காலை கராஜ் வாசலில் திருவிழாக் கூட்டம். அவன் இப்போதே மாற்றிவிடட்டும், காப்புறுதியிலும் கொஞ்சம் கழிப்பார்கள். குளிரில் காற்றும் இறங்கும், அதையும் பார்க்கச் சொல்.

இன்னொன்று மான். நவம்பர் முதல் ஞாயிறு மணிக்கூட்டைப் பின்தள்ளியதும் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். அது மான்கள் துணை தேடி அலையும் காலமும்கூட. ஒன்று வீதியைக் கடந்தால் பின்னால் இன்னொன்று வரும் என்று நினைத்துக்கொள்ளட்டும்.

அடுத்த ஞாயிறு அவனை இங்கே சாப்பிட வரச் சொல். உன் தங்கச்சி ஒடியற்கூழ் காய்ச்சுகிறாள். வரும்போது பெட்டியை வெறுமையாக வைத்துக்கொண்டு மெதுவாக வரட்டும். திரும்பும்போது அவனுக்கென்று நான்கு மூட்டை மணல் ஏற்றிவிடுகிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்