கோழி உங்களுடையது, எரு எங்களுடையது

பல்லடம் வட்டாரத்துக் கறிக்கோழி நிறுவனங்களின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். பதினோரு வருடமாக உங்களில் ஒருவருக்குக் கோழி வளர்த்துத் தருகிறேன். எந்த நிறுவனம் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் அடுத்த பேட்ச் குஞ்சு இறங்காது.

ஒப்பந்தம் உங்களுக்கே தெரியும். குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் உங்களுடையது. ஷெட்டும் கரண்டும் தண்ணீரும் உழைப்பும் எங்களுடையது. நாற்பது நாள் கழித்து லாரி வந்து கோழியை ஏற்றிக்கொண்டு போய்விடும். தேங்காய் நார்க்கழிவோடு கலந்து கிடக்கும் எரு மட்டும் எங்களுக்கு. அதை விற்ற காசில்தான் அடுத்த பேட்ச்சுக்கு நார்க்கழிவு வாங்குகிறோம். இந்த மடல் அந்த எருவைப் பற்றியதுதான்.

போன தை மாதம் இருபது, இருபத்தைந்து கோழி மட்டும் சோர்ந்து உட்கார்ந்தன. சூப்பர்வைசர் ஒரு பாட்டிலைக் கொடுத்து, தொட்டித் தண்ணீரில் கலந்துவிடச் சொன்னார். கலந்தேன். ஐயாயிரம் கோழியும் குடித்தன. லேபிளில் என்ரோஃப்ளாக்சசின் என்று போட்டிருந்தது. பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாடிக் மருந்து அது. கால்நடை மருத்துவம் படிக்கும் பக்கத்து வீட்டுப் பையனிடம் காட்டினேன். "கோழி உடம்புல போனா இது சிப்ரோஃப்ளாக்சசினாவும் மாறுதுங்க மாமா. நமக்கு மூத்திரத் தொற்றுக்கு எழுதிக் குடுக்கறாங்களே, அதேதான்" என்றான். 2005இலேயே அமெரிக்காவில் கோழிக்கு இதைக் கொடுப்பதற்கான அனுமதியை ரத்து செய்துவிட்டார்களாம்.

ஐயாயிரம் குடலிலும் மருந்து இறங்கும்போது அதற்குச் சாகிற பாக்டீரியா செத்துப் போகும். சாகாதது பெருகி எச்சத்தோடு வெளியே வரும். கறி நன்றாக வெந்தால் பாக்டீரியா செத்துவிடும் என்று நீங்கள் சொல்வது உண்மைதான். வாங்குகிறவர் கையையும் பலகையையும் கழுவிக்கொண்டால் போதும். ஆனால் எருவை யாரும் வேகவைப்பதில்லை. அதைக் கொத்திப் புரட்டும்போது கிளம்பும் தூசியை நானும் என் வீட்டம்மாவும் மூச்சில் இழுக்கிறோம். ஈ அதில் உட்கார்ந்து எழுந்து அடுக்களைக்கு வருகிறது. 2017இல் டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் வடக்கே நான்கு மாநிலங்களில் 12 பண்ணைகளை ஆராய்ந்தது. பண்ணை எச்சத்தில் இருந்த, பல மருந்துக்கும் அடங்காத ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா, அந்த எரு போட்ட வயல் மண்ணிலும் இருந்தது. நானே எத்தனை டிராக்டர் லோடு மக்காத பச்சை எருவைத் தக்காளித் தோட்டத்துக்கு விற்றிருக்கிறேன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன்.

கோலிஸ்டின் கதை உங்களுக்குத் தெரியும். வேறு எந்த மருந்துக்கும் கட்டுப்படாத நோயாளிக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவில் கடைசியாகக் கொடுப்பது அது. அதைக் கோழி சீக்கிரம் எடை போடத் தீவனத்தில் கலந்தார்கள். அதை எதிர்க்கும் மரபணு ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறது என்று 2015இல் சீனாவிலிருந்து செய்தி வந்தது. 2019 ஜூலையில் மத்திய அரசு கோலிஸ்டினைக் கோழிக்கும் மற்ற உணவுக் கால்நடைகளுக்கும் தடை செய்தது. நல்லது. ஆனால் அதற்கு முன்பு என் ஷெட்டுக்கு வந்த மூட்டைகளில் அது இருந்ததா? இன்றுவரை எனக்குத் தெரியாது. மூட்டையில் புரதம் எவ்வளவு, நார்ச்சத்து எவ்வளவு என்று போட்டிருக்கும். மருந்து பற்றி ஒரு வரி இருக்காது.

நாங்கள் ஏன் மறுப்பதில்லை என்று கேட்கலாம். கூலியை எஃப்சிஆர், அதாவது ஒரு கிலோ எடை ஏற எவ்வளவு தீவனம் தின்றது என்ற கணக்கு, பார்த்துத்தானே போடுகிறீர்கள்? அது கொஞ்சம் கூடிப்போனால் கூலியில் வெட்டு, சாவு கூடினால் அதற்கும் வெட்டு. அப்படியிருக்க, எந்த விவசாயி பாட்டிலை வேண்டாம் என்பான்? டென்மார்க்கின் கறிக்கோழிப் பண்ணையாளர்கள் 1998இல் வளர்ச்சிக்கான ஆன்டிபயாடிக்கைத் தாங்களாகவே நிறுத்தினார்கள். தீவனச் செலவு சற்றுக் கூடியது, மருந்துச் செலவு மிச்சமானதில் அது சரிக்கட்டிப் போனது. அவர்கள் குளிரும் நம் சித்திரை வெயிலும் ஒன்றல்ல, ஒப்புக்கொள்கிறேன். அங்கே ஷெட்டுச் சுத்தத்துக்கும் காற்றோட்டத்துக்கும் செலவழிக்கிறார்கள். இங்கே அந்தச் செலவுக்குப் பதிலாகத்தான் பாட்டில் வருகிறது.

நான் கேட்பது பெரிதில்லை. மூட்டையில் என்ன மருந்து கலந்திருக்கிறது, கோழியைப் பிடிப்பதற்கு எத்தனை நாள் முன்பு அதை நிறுத்த வேண்டும் என்று தமிழில் அச்சிடுங்கள். தொட்டியில் மருந்து கலக்க வேண்டுமென்றால் கால்நடை மருத்துவர் கையெழுத்துப் போட்ட சீட்டு வரட்டும், சூப்பர்வைசரின் வாய்ச்சொல் போதாது. அப்புறம் அந்த எரு. அதை ஈரப்படுத்திக் குவித்து, மூடி, இடையில் புரட்டி மக்கவைத்தால் உள்ளே கை வைக்க முடியாத சூடு ஏறும், கிருமி பெருமளவு செத்துவிடும். அதற்கு இடம் வேண்டும், ஆள் கூலி வேண்டும், விற்பனையும் தள்ளிப்போகும். மருந்தைத் தீர்மானிப்பது நீங்கள் என்றால், அந்தச் செலவில் பாதியாவது உங்கள் கணக்கில் ஏற வேண்டும்.

இந்த முறை எருவை விற்கவில்லை. ஷெட்டுக்குப் பின்னால் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறேன். தார்ப்பாய் பில்லைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். என் பெயரைச் சொல்ல முடியாததால் அனுப்ப முடியவில்லை.

இப்படிக்கு,
கறிக்கோழி வளர்ப்பு விவசாயி ஒருவன்