டிஸ்சார்ஜுக்கு முன்னால் ஐந்து நிமிடம்: பிரசவ வார்டு சிஸ்டர்களுக்குத் திறந்த மடல்

அன்புள்ள சிஸ்டர்களுக்கு,

வணக்கம். என் மகளுக்கு இப்போது எட்டு மாதம். அவளை முதலில் கையில் ஏந்தியது உங்களில் ஒருவர்தான். அந்த நன்றியோடு ஒரு வேண்டுகோள்.

மூன்றாம் நாள் காலையில் எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்று சாயங்காலம் துணி மாற்றும்போது பார்த்தால், நெஞ்சிலும் தொடையிலும் சிவப்புத் திட்டுகள். கொசு கடித்துத் தடித்தது மாதிரி; சிலவற்றின் நடுவில் கடுகைவிடச் சிறிதாக மஞ்சளாய் ஒரு முத்து. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மை போட்டிருக்கும்மா" என்றார். அத்தை, "இது அக்கி, எழுதினா அடங்கிடும்" என்று காவி குழைக்கக் கிளம்பிவிட்டார். நான் என்ன சாப்பிட்டுத் தொலைத்தேனோ என்று ராத்திரி முழுக்க அழுதேன். விடிந்ததும் நெஞ்சில் இருந்தது மறைந்து முதுகில் வந்திருந்தது.

குழந்தை மருத்துவர் ஒரே பார்வையில் சொல்லிவிட்டார்: எரிதீமா டாக்ஸிகம். பெயரில்தான் நஞ்சு, உடம்பில் இல்லை. ஒட்டிக்கொள்கிற நோயும் இல்லை. நிறைமாதக் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வருமாம். இடம் மாறி மாறி வரும். உள்ளங்கை, உள்ளங்காலில் பெரும்பாலும் வராது. ஒன்றிரண்டு வாரத்தில் தானே போய்விடும். மருந்து வேண்டாம், காவியும் வேண்டாம். இது அதிகமாகத் தலைகாட்டுவது பிறந்த இரண்டாம் மூன்றாம் நாளில். அதாவது, சரியாக நாங்கள் உங்களை விட்டு வீடு போய்ச் சேருகிற நேரத்தில்.

அதனால்தான் கேட்கிறேன். டிஸ்சார்ஜ் சீட்டு கொடுக்கும்போது குழந்தையின் துணியை விலக்கி, அம்மாவுக்கும் கூட இருக்கிற பாட்டிக்கும் சேர்த்துக் காட்டுங்கள். மூக்கில் வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் பிதுக்க வேண்டாம், சில வாரத்தில் உதிர்ந்துவிடும் என்று சொல்லுங்கள். இடுப்பிலும் பிட்டத்திலும் நீலத் திட்டு இருந்தால் அது அடிபட்ட காயம் இல்லை, தோலின் ஆழத்தில் தங்கிவிட்ட நிறமி என்று சொல்லி, சீட்டிலும் குறித்து வையுங்கள். நம் குழந்தைகளுக்கு அது சகஜம். பெரும்பாலும் பள்ளிக்குப் போகிற வயதுக்குள் மங்கிவிடும். என் பக்கத்துக் கட்டில் பெண்ணிடம் அவள் மாமியார், "பிள்ளையைக் கீழே போட்டுட்டியா?" என்று கேட்டார். அந்தப் பெண் பதில் சொல்ல முடியாமல் குழந்தையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அப்புறம், எதற்குப் பயப்பட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். காய்ச்சல், பால் குடிக்காமல் சோர்ந்து கிடப்பது, கொத்துக் கொத்தாக நீர்க்கொப்புளம், சீழ் வைத்த பெரிய கொப்புளம், தொப்புளைச் சுற்றிச் சிவப்பு, அழுத்தினாலும் மறையாத ஊதாப் புள்ளி. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்காமல் ஓடி வரச் சொல்லுங்கள். பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் என்றாலே உடனே ஆஸ்பத்திரிதான் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

இரவு ஷிப்டில் எத்தனை கட்டில்களை ஒருவராகப் பார்த்தீர்கள் என்று நானே கண்டேன். பேச நேரமில்லை என்றால், வார்டு சுவரில் படங்கள் ஒட்டினாலும் போதும். ஆனால் அவை நம் குழந்தைகளின் படங்களாக இருக்கட்டும். மாநிறத் தோலில் சிவப்பு அவ்வளவு பளிச்சென்று தெரியாது. வெள்ளைக்காரக் குழந்தையின் படத்தைப் பார்த்து எங்களால் அடையாளம் காண முடியவில்லை.

இப்படிக்கு,
உங்கள் வார்டில் மூன்று நாள் இருந்த ஒரு தாய்